சிறு மேடைகளுக்கான பேஸ் கிற்றார் ஸ்பீக்கர் பெட்டி: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கலியாண வரவேற்பு, தேவாலயப் பெருவிழா, பாடசாலை ஒளிவிழா, பழைய மாணவர் ஒன்றுகூடல், சனசமூக நிலையத்தின் ஆண்டு விழா. வடக்கிலும் கிழக்கிலும் ஒரு சிறிய இசைக்குழுவுக்கு இன்று கிடைக்கும் மேடைகள் பெரும்பாலும் இவைதான். 50 பேரிலிருந்து 150 பேர் வரை கூடியிருப்பார்கள். மண்டபம் சீமெந்துச் சுவரும் தகரக் கூரையுமாக இருக்கும். சவுண்ட் செற் போடுபவர் இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரு சிறிய மிக்சரும் கொண்டுவருவார். பாடகருக்கு மைக், கீபோர்ட்டுக்கு ஒரு வயர், மிஞ்சியிருக்கும் வயர் பேஸ் கிற்றாருக்கு.

இந்த ஏற்பாட்டில் முதலில் அடிபட்டுப் போவது பேஸ்தான். பேச்சுக்கும் பாட்டுக்குமென்று வைத்த ஸ்பீக்கர்கள் பேஸின் தாழ்ந்த சுரங்களைத் தாங்குவதில்லை. தாங்க வைக்க முயன்றால் பாடகரின் குரலும் சேர்ந்து கரகரக்கும். ஆகவே சவுண்ட்காரர் பேஸைக் குறைத்துவிடுவார். வாசிப்பவருக்கே தான் வாசிப்பது கேட்காது. சபைக்கு விரல் தந்தியில் தட்டுகிற ஓசை மட்டும் போகும். கீபோர்ட்டின் தாளத்துக்குள்ளேயே பேஸ் இருக்கிறதே, இன்னொருவருக்கு எதற்குச் சம்பளம் என்று ஏற்பாட்டாளர் அடுத்த முறை கேட்பார். தன் காதில் விழாத ஒன்றுக்குக் காசு கொடுக்க மறுப்பவரைக் குறை சொல்லவும் முடியாது.

தனக்கென்று ஒரு பெட்டியோடு வருகிற பேஸ் வாசிப்பாளரின் நிலை வேறு. அவருடைய ஒலி அவருக்குப் பின்னாலிருந்தே வருகிறது; ட்ரம்ஸ்காரருக்கும் பாடகருக்கும் அது நேரடியாகக் கேட்கிறது; மண்டபத்தின் ஸ்பீக்கர்கள் குரலுக்கு மட்டும் வேலை செய்தால் போதும். சிக்கல் என்னவென்றால், எமது வாசிப்பாளர்களில் பலருக்கு இந்தப் பெட்டியை ஒரு தடவைதான் வாங்க முடியும். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்த பின்னர், வெளிநாட்டு இசைப் பொருள் ஒன்றின் விலை பல மாத வருமானத்தை விழுங்குகிறது. பிழையான பெட்டியை வாங்கிவிட்டு அடுத்த வருடம் மாற்றலாம் என்று இருக்க இயலாது.

இங்கே பெட்டி என்று சொல்வது பேஸ் கபினெற்றை. அதற்குள் ஸ்பீக்கர் மட்டுமே இருக்கும். அம்பிளிபயர் தனியாக மேலே வைக்கப்படும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து வருவதைக் கொம்போ என்பார்கள். கொம்போ வசதியானது, ஆனால் அதன் அம்பிளிபயர் பழுதானால் முழுப் பொருளும் திருத்துபவரிடம் போய்க் கிடக்கும். தனித்தனியாக இருந்தால் ஒன்று பழுதாகும்போது மற்றதை வைத்துச் சமாளிக்கலாம். நல்ல பெட்டி இருபது வருடங்கள் உழைக்கும். அதனால் காசு குறைவென்றால் பெட்டிக்கு முதலிடம் கொடுத்து, அம்பிளிபயரைப் பழையதாக வாங்குவதே புத்திசாலித்தனம்.

வாற்ஸைப் பார்த்து ஏமாற வேண்டாம்

கடையில் முதலில் காட்டப்படும் எண் வாற்ஸ். 500, 800, 1,000 என்று பெட்டியின் பின்புறத்தில் அச்சடித்திருக்கும். அந்த எண், ஸ்பீக்கர் எரியாமல் எவ்வளவு மின்சக்தியைத் தாங்கும் என்பதைச் சொல்கிறதே தவிர, எவ்வளவு சத்தம் போடும் என்பதைச் சொல்வதில்லை.

இதை விளங்கிக்கொள்ள எமது தலைமுறைக்குப் பாடப்புத்தகம் தேவையில்லை. 1990க்குப் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில், பற்றரிகளும் தடைசெய்யப்பட்டிருந்தபோது, சைக்கிளை நிறுத்தி வைத்து மிதித்து, டைனமோவிலிருந்து வானொலியும் பாட்டும் கேட்டவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். ஒரு சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற்ஸ். அந்த 3 வாற்ஸில் முற்றத்தில் கூடியிருந்த எல்லோருக்கும் செய்தி கேட்டது. ஒரு ஸ்பீக்கருக்குக் குறைந்த மின்சக்தியே போதும், அதை ஒலியாக மாற்றும் திறன் அதற்கு இருந்தால்.

அந்தத் திறனுக்கு ஓர் எண் இருக்கிறது. 1 வாற்ஸ் கொடுத்து 1 மீற்றர் தூரத்தில் நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் வருகிறது என்பதே அது. ஆங்கிலத்தில் சென்சிற்றிவிற்றி என்று எழுதியிருக்கும். பேஸ் பெட்டிகளில் அது பொதுவாக 94 முதல் 100 வரை இருக்கும். மின்சக்தியை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபெல் மட்டுமே கூடுகிறது. ஆகவே 97 டெசிபெல் பெட்டிக்கு 100 வாற்ஸ் கொடுத்தால் வரும் சத்தமும், 94 டெசிபெல் பெட்டிக்கு 200 வாற்ஸ் கொடுத்தால் வரும் சத்தமும் ஒன்றுதான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும்; அதற்கு மின்சக்தியைப் பத்து மடங்காக்க வேண்டும். 100 வாற்ஸ் அம்பிளிபயரை விற்றுவிட்டு 200 வாற்ஸ் வாங்கியவர்கள் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று குறைப்படுவது இதனால்தான்.

இந்த எண்ணையும் முழுதாக நம்பிவிடக் கூடாது. அநேக நிறுவனங்கள் அதை நடு அலைவரிசைகளை வைத்தே கணக்கிடுகின்றன. பேஸின் தாழ்ந்த சுரங்களில் அதே பெட்டி பல டெசிபெல் குறைவாகவே ஒலிக்கும். வாற்ஸ் எண்ணோடு பீஎம்பீஓ என்று எழுதியிருந்தால் அந்தப் பெட்டியை விட்டு நகர்ந்துவிடுங்கள். ஆர்எம்எஸ் என்ற அளவே பொருளுள்ளது. சிறிய மேடைக்கு 200 முதல் 300 வாற்ஸ் ஆர்எம்எஸ் தாங்கும் ஒரு பெட்டி தாராளம்.

பானையும் பெட்டியும்

ஒரு சிறிய ஸ்பீக்கரைக் கையில் பிடித்துக் கேட்டால் சத்தம் மெலிதாக இருக்கும். அதையே மண்பானையின் வாயில் கவிழ்த்து வைத்தால் கனத்த ஒலி வரும். ஸ்பீக்கரின் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. இரண்டும் சந்தித்தால் தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். பானை அவற்றைப் பிரித்து வைக்கிறது. பேஸ் பெட்டி செய்வதும் அதே வேலைதான், அளவு கணக்கோடு.

நாலு தந்தி பேஸ் கிற்றாரின் ஆகத் தாழ்ந்த சுரமான ஈ, 41 ஹேர்ட்ஸ். ஐந்து தந்தியில் அது 31 ஹேர்ட்ஸ் வரை இறங்குகிறது. ஒரே சத்தத்தில் ஓர் எட்டுச்சுரம் கீழே இறங்க வேண்டுமானால் ஸ்பீக்கர் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். அதற்குப் பெரிய பெட்டி வேண்டும், அல்லது நிறைய மின்சக்தி வேண்டும். அமெரிக்காவின் கேஎல்எச் ஸ்பீக்கர் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஹொஃப்மன் வகுத்த விதி இதுதான்: தாழ்ந்த பேஸ், உயர்ந்த திறன், சிறிய பெட்டி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் எடுக்கலாம். "சின்னப் பெட்டி, ஆனால் இடிமாதிரி பேஸ்" என்று ஒரு கடைக்காரர் சொன்னால், அவர் சொல்லாமல் விடும் மூன்றாவது எங்கே போயிற்று என்று கேளுங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. மேடையில் நாம் பேஸ் என்று கேட்பதில் பெரும்பகுதி 41 ஹேர்ட்ஸ் அல்ல. தந்தி அதிரும்போது 82, 123 ஹேர்ட்ஸ் என்று மேற்சுரங்களும் கூடவே பிறக்கின்றன. அவை தெளிவாக வந்தால் அடிச்சுரத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. எனவே 50 ஹேர்ட்ஸுக்கு மேலே உறுதியாக ஒலிக்கும் ஒரு நடுத்தரப் பெட்டி சிறிய மண்டபத்துக்குப் போதும். அதற்குக் கீழே போகிற பெட்டி, தகரக் கூரையை அதிர வைப்பதைத் தவிர வேறு எதையும் பெரிதாகச் செய்யாது.

பத்து அங்குலமா, பன்னிரண்டா, பதினைந்தா?

1951இல் ஃபெண்டர் நிறுவனம் பிரிசிஷன் பேஸை வெளியிட்டது. அதற்குப் பின் பேஸ் பெட்டிகள் ஒவ்வொரு தசாப்தத்திலும் ஒரு வடிவம் எடுத்தன. அம்பெக் நிறுவனம் 1960இல் கொண்டுவந்த போர்ட்டஃபிளெக்ஸில் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. அதே நிறுவனம் 1969இல் எஸ்விரி என்ற 300 வாற்ஸ் அம்பிளிபயரையும் அதற்கு எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட பெட்டியையும் வெளியிட்டது. காணொளிகளில் பெரிய குழுக்களின் பின்னால் ஆளுயரத்துக்கு நிற்பது அந்தப் பெட்டியோ அதன் வழிவந்ததோதான். அதன் எடை 60 கிலோவுக்கு மேல். அதைப் பார்த்து ஆசைப்படுபவர்கள், அதைத் தூக்க அந்தக் குழுக்களிடம் வேறு ஆட்கள் இருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

10 அங்குலம் என்றால் தெளிவு, 15 அங்குலம் என்றால் கனம் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் ஓரளவுதான் உண்மை. ஸ்பீக்கரின் விட்டத்தை விட, அது எவ்வளவு தூரம் முன்பின் அசையக்கூடியது, பெட்டியின் கனவளவு என்ன, துவாரம் எந்தச் சுரத்துக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பவையே ஒலியைத் தீர்மானிக்கின்றன. நன்றாகச் செய்த ஒரு 12 அங்குலப் பெட்டி, மலிவான 15 அங்குலப் பெட்டியை விட ஆழமாக ஒலிக்கும்.

ஒன்று நிச்சயம். ஸ்பீக்கர் பெரிதாகப் பெரிதாக, உயர்ந்த சுரங்கள் நேர்முன்னே மட்டும் குவிகின்றன. பக்கத்தில் நிற்கும் பாடகருக்கு மந்தமாகக் கேட்கும். இரண்டு ஸ்பீக்கர்களைப் பக்கம் பக்கமாக வைத்தாலும் இதே சிக்கல் வரும். ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினால் ஒலி பக்கவாட்டில் நன்கு பரவும், மேல் ஸ்பீக்கர் காதுக்கும் கிட்டவரும். இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பெட்டி உங்களிடம் இருந்தால் அதை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். செலவில்லாத திருத்தம் இது.

முழுதாக மூடிய பெட்டியும் உண்டு, துவாரம் வைத்த பெட்டியும் உண்டு. துவாரம் வைத்தது ஒரே மின்சக்தியில் தாழ்ந்த சுரங்களைக் கூடுதலாகத் தரும். ஆனால் துவாரம் பொருத்தப்பட்ட சுரத்துக்குக் கீழே போனால் ஸ்பீக்கரின் தாள்கூம்பு பிடிமானமின்றி ஆடத் தொடங்கும். ஐந்து தந்தி வாசிப்பவர்கள் சிறிய பெட்டியில் பேஸ் குமிழை முழுதாகத் திருகி வைத்து ஸ்பீக்கரைக் கெடுப்பது இந்த வழியில்தான். அம்பிளிபயரில் தாழ்ந்த சுரங்களை வெட்டும் வடிகட்டி இருந்தால் அதை 35 அல்லது 40 ஹேர்ட்ஸில் வையுங்கள். சத்தம் குறையாது, பலருக்குக் கூடியதுபோலக் கேட்கும்.

என் கணிப்பில், எமது சிறு மேடைகளுக்குப் பொருத்தமானது துவாரம் வைத்த, 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று கொண்ட, 8 ஓம் பெட்டி. 100 பேர் மண்டபத்தில் மென்மையாக வாசிக்கும் ட்ரம்ஸோடு அது தாராளமாக ஈடுகொடுக்கும். ட்ரம்ஸ்காரர் கை கனத்தவர் என்றால், பிறகு காசு சேரும்போது அதே வகைப் பெட்டி இன்னொன்றை வாங்கி மேலே நிறுத்தலாம்.

இந்த 'ஓம்' வேறு

எதற்கும் ஓம் என்று தலையாட்டும் பழக்கம் எமக்கு உண்டு. அம்பிளிபயர் அப்படித் தலையாட்டாது. பெட்டியின் மின்தடையை ஓம் அளவில் சொல்வார்கள். எண் குறையக் குறைய அம்பிளிபயருக்குச் சுமை கூடும். இன்றைய அம்பிளிபயர்களில் அநேகமானவை 4 ஓமுக்குக் கீழே போக அனுமதிப்பதில்லை. பின்புறத்தில் "ஆகக் குறைந்தது 4 ஓம்" என்ற பொருளில் அச்சடித்திருக்கும்.

8 ஓம் பெட்டிகள் இரண்டைச் சேர்த்தால் 4 ஓம் ஆகிறது, அம்பிளிபயர் தாங்கும். 4 ஓம் பெட்டிகள் இரண்டைச் சேர்த்தால் 2 ஓம்; அநேக அம்பிளிபயர்கள் சூடேறி நின்றுவிடும், சில எரிந்துவிடும். 8 ஓமும் 4 ஓமும் சேர்ந்தால் 2.67, அதுவும் ஆகாது. இதனால்தான் முதற்பெட்டியை 8 ஓமில் எடுக்கச் சொல்கிறேன். தனியாக ஒரு 4 ஓம் பெட்டி அம்பிளிபயரிலிருந்து சற்றுக் கூடுதலான சக்தியை இழுக்கும் என்பது உண்மை. ஆனால் அத்தோடு வளர்ச்சிக்கான வழி அடைபட்டுவிடும்.

பெட்டிக்கும் அம்பிளிபயருக்கும் இடையிலான வயர் கிற்றார் வயர் அல்ல. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கிற்றார் வயருக்குள் இருக்கும் மெல்லிய கம்பி அம்பிளிபயரின் மின்னோட்டத்தைத் தாங்காமல் சூடேறும். தடித்த இரட்டை வயரில் இரு முனையிலும் ஸ்பீக்கொன் எனும் முறுக்கிப் பூட்டும் பிளக்கைப் பொருத்திக்கொள்ளுங்கள். யாரோ கால் தடக்கினாலும் கழராது.

யார் தூக்குவது?

விளம்பரங்களில் எடை கடைசி வரியில் இருக்கும். எமது சூழலில் அது முதல் வரிக்கு வர வேண்டியது. குண்டுச் சிதறல்களை முதுகிலும் தோளிலும் சுமந்துகொண்டிருப்பவர்கள், செயற்கைக் காலோடு மேடையேறுபவர்கள், ஒரு கையின் பலம் குறைந்தவர்கள் எமது இசைக்குழுக்களிலும் இருக்கிறார்கள். பாரமான பெட்டி என்றால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஓர் உதவியாளர், ஒரு வான் கூலி. கிடைக்கும் பணத்தில் பாதி அதற்கே போய்விடும். ஒருவர் தனியாக முச்சக்கர வண்டியில் ஏற்றி இறக்கக்கூடிய பெட்டி, சற்று விலை கூடினாலும் அந்தக் கூலிகளைக் கொண்டே தன் விலையை மீட்டுத்தரும்.

பழைய ஸ்பீக்கர்களின் பின்புறத்தில் இருப்பது இரும்புக் கலவைக் காந்தம். புதியவற்றில் நியோடிமியம் என்ற காந்தம் வருகிறது. அதே ஒலியை மிகச் சிறிய எடையில் தரும். நியோடிமியம் ஸ்பீக்கரும் மெல்லிய பிளைவுட்டும் கொண்ட 12 அங்குலப் பெட்டிகள் 12 முதல் 16 கிலோவுக்குள் கிடைக்கின்றன. பழைய முறைப் பெட்டி இதே அளவில் 20 கிலோவைத் தாண்டும். புதிய அம்பிளிபயர்களோ 3 கிலோவுக்கும் குறைவு, தோள்பையில் போட்டுவிடலாம்.

வாங்கும்போது கைப்பிடியையும் பாருங்கள். மேலே ஒன்று மட்டும் இருந்தால் ஒரு கையால் தூக்கலாம். பக்கங்களில் மட்டும் இருந்தால் இரண்டு கையும் வேண்டும். உங்கள் உடம்புக்கு எது தோது என்று கடையிலேயே தூக்கி, பத்தடி நடந்து பார்த்துவிடுங்கள். அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

கனடாவிலிருந்து வரும்போது

இசைப் பொருட்கள் பல எமக்குப் புலம்பெயர்ந்த உறவுகள் வழியாகவே வந்து சேர்கின்றன. அங்கே ஒரு பொறி இருக்கிறது. கனடாவின் மின்சாரம் 120 வோல்ற், எமது 230. அங்கே வாங்கிய அம்பிளிபயரையோ கொம்போவையோ அப்படியே இங்கே செருகினால் கண் முன்னாலேயே எரியும். ஜப்பானிலிருந்து வரும் பழைய பொருட்கள் 100 வோல்ற். இரண்டு வோல்ற்றுக்கும் மாற்றக்கூடிய அம்பிளிபயர் என்று பின்புறத்தில் எழுதியிருந்தால் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே, அவுஸ்திரேலியா என்றால் இந்தச் சிக்கல் இல்லை.

அம்பிளிபயர் இல்லாத வெறும் பெட்டிக்கு எந்த நாட்டு மின்சாரமும் ஒரு பொருட்டல்ல. அது சுவரில் செருகப்படுவதே இல்லை. ஆகவே கனடாவிலிருக்கும் அண்ணா ஏதாவது வாங்கித்தர விரும்பினால் பெட்டியைக் கேளுங்கள், அம்பிளிபயரை இங்கே தேடிக்கொள்ளுங்கள். விமானப் பயணப் பொதியின் வழமையான எல்லை 23 கிலோ, மூன்று பக்கங்களையும் கூட்டினால் 158 சென்ரிமீற்றர். சிறிய 12 அங்குலப் பெட்டி ஒன்று, அட்டைப்பெட்டியும் பஞ்சும் சேர்த்தாலும் இதற்குள் அடங்கும். சுங்கத் தீர்வையை முன்கூட்டியே விசாரித்துவிடுவது நல்லது.

இன்னும் சிக்கனமான வழி, ஸ்பீக்கரை மட்டும் தருவித்துப் பெட்டியை இங்கே செய்விப்பது. எமினன்ஸ், செலஷன் போன்ற நிறுவனங்களின் 12 அங்குல நியோடிமியம் ஸ்பீக்கர்கள் 2 முதல் 3 கிலோ அளவில்தான் இருக்கும்; உடுப்புக்கு நடுவே வைத்துக் கொண்டுவரலாம். எமது தச்சர்களுக்குப் பெட்டி செய்வது பெரிய வேலையல்ல. பலாப் பலகையில் செய்து தருகிறேன் என்பார்கள். வேண்டாம்; பாரமாகும், காலநிலைக்கு வளையும். 12 அல்லது 15 மில்லிமீற்றர் நல்ல பிளைவுட்டே சரி. உள்ளே எதிரெதிர்ச் சுவர்களை இணைத்து குறுக்குச் சட்டங்கள் வைக்க வேண்டும். மூலைகளில் காற்றுக் கசியக் கூடாது.

ஸ்பீக்கர் நிறுவனம் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் எத்தனை லீற்றர் பெட்டி, எந்தச் சுரத்துக்குத் துவாரம் என்று பரிந்துரை வெளியிட்டிருக்கும். அதைத் தச்சரிடம் கொடுங்கள். ஓர் உதாரணத்துக்கு: உள்ளளவு 38, 45, 35 சென்ரிமீற்றர் என்றால் ஏறத்தாழ 60 லீற்றர். ஸ்பீக்கரும் சட்டங்களும் எடுத்துக்கொண்டதுபோக 55 லீற்றர் மிஞ்சும். அதை 48 ஹேர்ட்ஸுக்குப் பொருத்த, 10 சென்ரிமீற்றர் உள்விட்டமுள்ள பீவீசீ குழாயில் 11 சென்ரிமீற்றர் நீளத் துண்டு ஒன்று போதும். தண்ணீர்க் குழாய்க் கடையில் கிடைக்கும் அந்தத் துண்டுதான் பெட்டியின் ஆழ்ந்த ஒலியைத் தீர்மானிக்கிறது என்றால் தச்சர் நம்பமாட்டார், செய்து காட்டுங்கள்.

இவை எதுவும் கைகூடாதவர்களுக்கு மாற்றுவழி ஒன்று உண்டு. சவுண்ட் செற் கடைகளில் இருக்கும், அம்பிளிபயர் உள்ளேயே பொருத்திய 12 அல்லது 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றை உங்களுக்கென்று தனியாக வாடகைக்கு எடுத்து, டிஐ பொக்ஸ் வழியாக பேஸை அதற்குள் கொடுங்கள். ஒலியில் மினுமினுப்பு இருக்காது, ஆனால் வேலை நடக்கும். லீட் கிற்றாருக்கான அம்பிளிபயரில் மட்டும் பேஸைச் செருக வேண்டாம். அதன் ஸ்பீக்கர் பேஸின் அசைவுக்குச் செய்யப்பட்டதல்ல.

பழையதை வாங்கினால்

அரை மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். தாள்கூம்பை இரு கை விரல்களாலும் மையத்துக்கு இருபுறமும் மெதுவாக அழுத்துங்கள். உராயும் சத்தம் கேட்டால் உள்ளிருக்கும் சுருள் கெட்டுவிட்டது. மல்ற்றிமீற்றரால் அளந்தால் 8 ஓம் பெட்டி 5.5 முதல் 7 வரை காட்டும். அசைவே இல்லையென்றால் சுருள் அறுந்திருக்கிறது. பிறகு ஈ தந்தியிலிருந்து பன்னிரண்டாவது கட்டை வரை ஒவ்வொரு சுரமாக நிறுத்தி வாசியுங்கள். ஏதாவது ஒரு சுரத்தில் மட்டும் கடகடத்தால் ஆணி தளர்ந்திருக்கலாம், பலகை பிளந்திருக்கலாம். கடலோரத்தில் இருந்த பெட்டி என்றால் ஆணிகளையும் ஸ்பீக்கரின் சட்டகத்தையும் துருவுக்குப் பாருங்கள். கறையான் பெட்டியின் அடியிலிருந்தே ஏறும். கவிழ்த்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இரண்டு பெட்டிகளைச் சேர்க்கும்போது இன்னொரு சோதனை. 1.5 வோல்ற் பற்றரி ஒன்றை வயரின் முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். இரண்டு பெட்டிகளின் கூம்புகளும் ஒரே திசையில் அசைய வேண்டும். ஒன்று முன்னும் மற்றது பின்னுமாக அசைந்தால், இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது பேஸ் கூடுவதற்குப் பதிலாகக் குறையும்.

மண்டபத்தில் வைக்கும் இடம்

ஒரே பெட்டி ஒரு மண்டபத்தில் அருமையாகவும் அடுத்ததில் கேவலமாகவும் ஒலிக்கும். எதிரெதிரான சீமெந்துச் சுவர்கள் 4 மீற்றர் இடைவெளியில் இருந்தால் 43 ஹேர்ட்ஸ் அளவில் அறை தானே முழங்கும்; அது ஈ தந்திக்குக் கிட்ட. 3.2 மீற்றர் என்றால் வெறும் ஏ தந்தி முழங்கும். அந்தச் சுரம் வரும்போதெல்லாம் பாட்டு முழுவதையும் அமுக்கிவிடும். அம்பிளிபயரில் பேஸ் குமிழைக் குறைத்து, நடுச்சுரத்தைச் சற்றுக் கூட்டுங்கள். தனியே வாசிக்கும்போது மெலிந்ததாகத் தோன்றும். குழுவோடு சேரும்போது சரியாக இருக்கும்.

பின்சுவரிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி வைத்தால் 86 ஹேர்ட்ஸ் அளவில் சுவரிலிருந்து திரும்பும் ஒலி நேரொலியை அழிக்கும். பேஸின் உயிர் இருக்கும் இடம் அது. ஆகவே சுவரோடு ஒட்டி வையுங்கள். துவாரம் பின்புறத்தில் இருந்தால் மட்டும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். பீப்பாய்களின் மேல் பலகை அடுக்கிய மேடை என்றால் மேடையே ஒரு பறையாகிவிடும். பெட்டியை உறுதியான கதிரையில் ஏற்றினாலோ, அடியில் மெத்தைப் பஞ்சு வைத்தாலோ அது அடங்கும். கதிரையில் ஏற்றுவதால் ஒலி உங்கள் முழங்காலுக்குப் பதிலாகக் காதுக்கு வரும். நீங்களே சத்தத்தைக் குறைத்துவிடுவீர்கள்.

அம்பிளிபயரைப் போடும்போதும், திறந்த நிலையில் வயரைச் செருகும்போதும் பேஸ் பெட்டியிலிருந்து வரும் 'டொம்' என்ற சத்தம், ஷெல் விழுந்த காலங்களைக் கடந்துவந்த சபையில் வெறும் இடைஞ்சல் அல்ல. கதிரையிலிருந்து துள்ளி எழுபவர்களும், அதன்பிறகு நிகழ்ச்சி முடியும்வரை கை நடுக்கத்தோடு இருப்பவர்களும் உண்டு. வழி எளிது. ஒலிக் குமிழைப் பூச்சியத்தில் வைத்து, வயர்களை எல்லாம் செருகி, கடைசியாகவே மின்சாரம். முடிந்ததும் முதலில் குமிழ் பூச்சியம், பிறகு மின்சாரம், பிறகு வயர். ஜெனரேற்றரில் ஓடும் இடங்களில் மின்சாரம் நின்று வரும்போதும் குமிழைக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

தாழ்ந்த சுரங்கள் சுவரைத் தாண்டிப் போகும். பாட்டின் சொற்கள் கேட்காத வீட்டுக்கும் பேஸின் இடி கேட்கும். முறைப்பாடு வருவதும் அங்கிருந்துதான். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். 2007இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய வழிகாட்டலின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொதுவாக அந்த அனுமதி இல்லை. 9.30க்குப் பிறகு பேஸ் குமிழை ஒரு படி இறக்கினால் கடைசிப் பாட்டு வரை வாசிக்க விடுவார்கள்.

மாரி காலத்தில் பெட்டியைச் சீமெந்து நிலத்தில் நேரே வைத்துவிட்டுப் போகாதீர்கள். கூம்பு காகிதத்தாலானது, ஈரம் குடித்தால் தளர்ந்துவிடும். இரண்டு செங்கல்லின் மேல் ஒரு பலகை, மேலே தடித்த துணியால் தைத்த உறை. பிளாஸ்ரிக் பையால் இறுக்கிக் கட்டினால் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.